டம்ளர் கணக்கும் கிராம் கணக்கும்



ஒரு வீட்டைப் பார்ப்போம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். கிராம சுகாதார செவிலியர் வந்து எடை பார்க்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தினமும் தானியம் இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம், எண்ணெய் இத்தனை கிராம்.

"ஏங்க, பருப்பு எண்பத்தஞ்சு கிராம்னு போட்டிருக்காங்களே, அது எம்புட்டுங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே தினமும் உலை வைக்கிறே. வழக்கம்போலப் போடு."

அந்தத் தாள் காலண்டருக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. அதற்குப் பிறகு அதை யாரும் எடுப்பதில்லை.

இதில் அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது, கணவனையும் குறை சொல்ல முடியாது. நம் அடுப்படியில் தராசு கிடையாது. டம்ளர் இருக்கிறது, ஆழாக்கு இருக்கிறது, கரண்டி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே கை இருக்கிறது. டாக்டர் எழுதுவதோ கிராம். ரேஷன் கடையில் போடுவது கிலோ. இந்த இரண்டு கணக்கையும் ஒரே ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிட்டால் பிறகு தராசே வேண்டியதில்லை. அதைச் செய்வது எப்படி என்பதுதான் இந்தத் துண்டறிக்கை.

ஒரே டம்ளர், வேறு வேறு எடை

"ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா?" என்று சிறுவர்கள் விடுகதை போடுவார்கள். நாம் சிரிப்போம். ஆனால் அடுப்படியில் அதே தப்பை நாமும் செய்கிறோம். ஒரு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் எண்ணெய் எல்லாம் ஒரே அளவு என்று மனசுக்குள் நினைத்துக் கொள்கிறோம். டம்ளரில் அவை பிடிக்கிற இடம்தான் ஒன்று. எடை வேறு.

காரணம் சுலபம். மாவை டம்ளரில் போடும்போது மாவோடு காற்றும் சேர்ந்து உட்காருகிறது. டம்ளரைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள், மாவு கீழே இறங்கும். இன்னும் கொஞ்சம் போடலாம். சர்க்கரையில் அவ்வளவு காற்று இல்லை. தண்ணீரில் இடைவெளியே இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் தண்ணீர்மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். கடை எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், லிட்டரும் கிராமும் இரண்டுமே அச்சாகியிருக்கும். சில பாக்கெட் பார்வைக்கு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும், உள்ளே இருப்பது குறைவாக இருக்கும். விலையைப் பார்க்கிற கண் அந்த எழுத்தையும் பார்க்கட்டும்.

பாட்டி காலத்தில் எல்லாமே முகத்தல் அளவைதான். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. பட்டணம் படி என்றால் ஏறக்குறைய 1.7 லிட்டர் பிடிக்கும். வேறு சில ஊர்களில் படி அதைவிடச் சிறியது. ஊருக்கு ஊர் இப்படி மாறியதால் வாங்குகிறவர் ஏமாந்து போவதும் உண்டு. 1956-ஆம் ஆண்டு சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆனாலும் இன்றைக்கும் தெருவில் நிலக்கடலை விற்கிறவர் படியைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். நம் வீட்டிலும் "ரெண்டு ஆழாக்கு போடு" என்ற பேச்சு நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆழாக்குக்கு எத்தனை கிராம் என்று தெரிந்தால் போதும்.

முதலில் உங்கள் டம்ளரைத் தெரிந்துகொள்ளுங்கள்

தினமும் அரிசி அளக்கிற டம்ளர் எதுவோ அதை எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை, ஒரு லிட்டர் அளவு வரை நிரப்பி, டம்ளரில் முட்ட ஊற்றுங்கள். ஐந்து டம்ளரில் பாட்டில் காலியானால் அது 200 மில்லி டம்ளர். நாலு டம்ளரில் காலியானால் 250 மில்லி. ஆறு ஏழு என்று போனால் சின்ன டம்ளர். பழைய ஆழாக்கும் பெரும்பாலும் 200 மில்லியை ஒட்டித்தான் இருக்கும், இருந்தாலும் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து எடை. இதற்கும் தராசு வேண்டாம். ஒரு கிலோ அரிசியை ரேஷன் கடையிலோ மளிகைக் கடையிலோ முத்திரை போட்ட தராசில் நிறுத்து வாங்கி வருகிறீர்கள். அதை டப்பாவில் கொட்டுவதற்கு முன்னால் அந்த டம்ளரால் அளந்து அளந்து கொட்டுங்கள். எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறு டம்ளர் வந்தால், ஆயிரத்தை ஆறால் வகுத்தால் ஒரு டம்ளருக்குச் சுமார் 165 கிராம். பருப்புக்கும் இப்படியே, சர்க்கரைக்கும் இப்படியே, கோதுமை மாவுக்கும் இப்படியே. புது பாக்கெட் பிரிக்கிற அன்றைக்குச் செய்தால் தனி வேலையே இல்லை.

அளக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். குவித்து அளக்காதீர்கள், அமுக்காதீர்கள், குலுக்காதீர்கள். நிரப்பி, விரலாலோ கத்தியின் முதுகாலோ தலை தட்டி அளக்க வேண்டும். நெல் அளக்கிறவர் மரக்காலைத் தலை தட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேபோல. இன்றைக்குக் குவித்தும் நாளைக்குத் தட்டியும் அளந்தால் இந்தக் கணக்கே வீண்.

200 மில்லி டம்ளர் ஒன்றைத் தலை தட்டி அளந்தால் ஏறக்குறைய வருகிற எடை இது. உங்கள் வீட்டுச் சரக்கைப் பொறுத்துப் பத்துக் கிராம் முன்னே பின்னே இருக்கலாம்:

அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை — 165 கிராம்
ரவை — 145 கிராம்
தோல் உரித்த நிலக்கடலை — 120 கிராம்
கேழ்வரகு மாவு, அரிசி மாவு — 115 கிராம்
கோதுமை மாவு — 105 கிராம்
எண்ணெய் — 182 கிராம்
பால் — 206 கிராம்

அரிசியும் மாவும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன, பாருங்கள். "ராத்திரிக்குச் சோறு வேண்டாம், ரெண்டு டம்ளர் அரிசிக்குப் பதிலா ரெண்டு டம்ளர் மாவுல சப்பாத்தி" என்றால் அது ஈடு ஆகாது. மூன்று டம்ளர் மாவு வேண்டும்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள்

காலண்டருக்குப் பின்னால் இருக்கிற தாள். அதில் இருக்கிற கணக்கு யாரோ சும்மா போட்டதல்ல. நம் நாட்டு உணவு ஆராய்ச்சி 1918-இல் நம் குன்னூரில்தான் ஒரு சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. அதுவே பிற்பாடு ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், கடும் உடல் உழைப்பு இல்லாத ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு முட்டை மீன் இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கடலை எள் போன்றவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று சொல்லியிருக்கிறது.

படித்தால் மலைப்பாக இருக்கும். டம்ளராக்கிப் பாருங்கள். தானியம் ஒன்றரை டம்ளர். பருப்பு அரை டம்ளர். பால் ஒன்றரை டம்ளர். எண்ணெய் ஆறு தேக்கரண்டி. அவ்வளவுதான். வயல்காட்டில் நாள் முழுக்க வேலை செய்கிறவருக்குத் தானியம் கூட வேண்டும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இதற்கு மேலே வேண்டும். எவ்வளவு என்று செவிலியர் எடை பார்த்துச் சொல்வார்.

ஒன்று கவனிக்க வேண்டும். இந்தக் கிராம் எல்லாம் வேகவைக்காத பச்சை எடை. நூறு கிராம் அரிசி வெந்தால் தண்ணீரைக் குடித்து 250, 300 கிராம் சோறாகிவிடும். தட்டிலே இருக்கிற சோற்றைப் பார்த்து "250 கிராமைத் தாண்டிடுச்சே" என்று கர்ப்பிணியின் தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

சரி, இனிமேல்தான் முக்கியமான கணக்கு. மாமியார், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆக ஐந்து பேர். சாம்பாருக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு போட்டாயிற்று. பானை நிறைய சாம்பார். பார்வைக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பருப்பு 165 கிராம். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 33 கிராம். முட்டையோ மீனோ இல்லாத நாளாக இருந்தால் தேவையில் பாதிகூட இல்லை.

அதுவும் சமமாகப் பங்கு போட்டால்தான் 33. நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? முதல் பந்தி ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கிக் கெட்டியாக ஊற்றுவாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவள் உட்காரும்போது பானையில் இருப்பது பருப்புத் தண்ணீர். அதிலே இன்னொரு செம்புத் தண்ணீர் விட்டுச் சுட வைத்தாலும் ஆச்சரியமில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் பத்துக் கிராம் பருப்போடு அன்றைய நாளை முடிக்கிறாள். "நல்லாத்தானே சாப்பிடுறா, ரெண்டு கரண்டி குழம்பு ஊத்திக்கிட்டாளே" என்று வீட்டில் சொல்வார்கள். கரண்டி இரண்டுதான், பொய் இல்லை. கரண்டிக்குள்ளே என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

தகப்பன்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சமையலில் எனக்கென்ன வேலை என்று ஒதுங்க வேண்டாம். கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். ரேஷனில் வாங்குகிற ஒரு கிலோ துவரம்பருப்பு ஆறு டம்ளர். தினம் ஒரு டம்ளர் போட்டால் ஆறே நாள். மாதம் முழுக்க அதையே ஓட்டினால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது வீட்டுக்கே 33 கிராம்! துவரம்பருப்பு விலை எங்களுக்கும் தெரியும். துவரைதான் வேண்டும் என்பதில்லை. கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை எதுவானாலும் சரி. சாயங்காலம் அரை டம்ளர் பாசிப்பயறை ஊறவைத்து வேகவைத்துச் சுண்டலாக அவளுக்கென்று வைத்தால், அது ஒன்றே 80 கிராம் ஆயிற்று. குழம்பு பரிமாறுவதற்கு முன்னால் அடியிலிருந்து ஒரு கரண்டி கெட்டியாக எடுத்து அவளுக்கு மூடி வைப்பதற்குக் காசு எதுவும் செலவில்லை. மாமியார்மார்கள் மனது வைத்தால் இது இன்னும் சுலபம்.

ஸ்பூன் சமாசாரம்

டம்ளரில் பத்துக் கிராம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகாது. ஸ்பூனில் அப்படி இல்லை. முக்கியமாக உப்பு.

வீட்டில் இருக்கிற ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சரியான தேக்கரண்டி என்பது 5 மில்லி. பிள்ளைக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து பாட்டிலின் அளவு மூடியில் 5 மில்லி கோடு போட்டிருக்கும். அதை நன்றாகக் கழுவி, அந்தக் கோடு வரை தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். வழியாமல் முட்ட நின்றால் அதுதான் உங்கள் தேக்கரண்டி. அதைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள்.

தலை தட்டிய ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். எண்ணெய் நாலரை கிராம். தூள் உப்பு 5 முதல் 6 கிராம். ஒரு ஸ்பூனைக் கடைத் தராசில் போட்டால் முள் அசையாது. இருபது ஸ்பூன் உப்பைக் காகிதத்தில் கொட்டி நிறுத்து இருபதால் வகுத்தால் சரியாக வந்துவிடும்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. இதில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் அடக்கம். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ உப்பு பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும். பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால், ஊறுகாய் போட்டதற்கும் மாட்டுக்கு வைத்ததற்கும் கழித்துக்கொண்டு, மீதி எங்கே போயிற்று என்று யோசியுங்கள். எண்ணெய்க்கும் இப்படியே. ஒரு லிட்டர் பாக்கெட் ஒரு ஆளுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேலே வர வேண்டும்.

கல் உப்பு போட்டுப் பழகிய கை தூள் உப்புக்கு மாறும்போது ஜாக்கிரதை. கல் உப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி உண்டு, அதனால் ஒரு ஸ்பூனில் எடை குறைவு. அதே ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் உப்பு ஏறிவிடும். எந்த உப்பானாலும் அயோடின் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

பேதி ஆகும் பிள்ளைக்கு

ஸ்பூன் கணக்கில் தவறவே கூடாத இடம் இது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செவிலியரிடமும் கிடைக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம்தான் முதல் வழி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் உள்ள மருந்துப் பொடி 20.5 கிராம். 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. எத்தனை தண்ணீர் என்று மேலே போட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் ஐந்து மடங்கு உப்பு பிள்ளைக்குப் போகிறது. அது ஆபத்து, வலிப்பு வரைகூடக் கொண்டுபோய் விடும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைப்பதும் வேண்டாம்.

நடு ராத்திரி, பொட்டலம் இல்லை, அப்போது என்ன செய்வது? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், அதாவது 200 மில்லி டம்ளரால் ஐந்து. அதில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. உப்பைக் குவித்து எடுத்தால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகிவிடும். கரைத்த பிறகு நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். ஒரு நாளைக்கு மேல் வைத்துக் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கஞ்சி டம்ளரில் எவ்வளவு மாவு?

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்குகிறோம். "ஒரு டம்ளர் கஞ்சி குடிச்சிட்டான்" என்று தாய் சந்தோஷமாகச் சொல்கிறாள். பிள்ளை எடை மட்டும் ஏறவில்லை. விசாரித்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவு. அது 3 கிராம்! மீதி முழுக்கத் தண்ணீர். வயிறு சின்னது, தண்ணீரிலேயே நிறைந்து விடுகிறது. அதே டம்ளரில் எட்டுத் தேக்கரண்டி மாவு போட்டுக் காய்ச்சினால் 25 கிராம் மாவு. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ரொம்பக் கெட்டியாகிறது, பிள்ளை விழுங்க மாட்டேன் என்கிறது என்றால் முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவைப் போடுங்கள். அதே மாவு அளவுக்குக் கஞ்சி இளக்கமாக வரும்.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். (மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி.) ஒன்பது மாதத்தில் வேளைக்கு 125 மில்லி, அதாவது நம் டம்ளரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு வயது ஆனபிறகு ஒரு டம்ளர் வரை, சில பிள்ளைகள் அதற்கு மேலும் சாப்பிடும். எல்லாம் கெட்டியாக.

எண்ணி முடித்த கணக்கை அடுப்படிச் சுவரிலோ அரிசி டப்பாவின் மூடியிலோ எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லுங்கள், வகுத்தல் கணக்கு அதற்கும் பழகும். அடுத்த தடவை செவிலியர் வரும்போது அந்த டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக் காட்டுங்கள். அவர் எழுதுகிற கிராமை இனி டம்ளராகவே எழுதித் தருவார். டம்ளர் நசுங்கிப் போனாலோ, யாராவது கல்யாணத்தில் கொடுத்த புது டம்ளர் அரிசி டப்பாவுக்குள் வந்துவிட்டாலோ, மறுபடி ஒரு தடவை பாட்டில் தண்ணீரை ஊற்றி எண்ணிக்கொள்ள வேண்டும்.